நாலு சக்கரமும் ஒரு பனிவாரியும்

இந்தக் குளிர்காலத்தில் யாருக்கும் எதற்கும் பயப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது குளியலறையில். வெளியே வந்து சொல்லத்தான் பயமாக இருந்தது.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. பிறந்தது தெற்கே, ககோஷிமாவில். அங்கே வானத்திலிருந்து விழுவது எரிமலைச் சாம்பல். துடைப்பம் இருந்தால் போதும். வடக்கே ஹொக்கைடோவுக்கு வந்து சிஹோவைக் கட்டிக்கொண்டேன். அவள் குடும்பப் பெயரும் என்னோடு ஒட்டிக்கொண்டது. அவள் அப்பாவின் மாட்டுப் பண்ணையில் மாடுகளுக்கு அடுத்த மரியாதை எனக்குத்தான்.

இத்தனை வருஷமும் குளிர்காலத்தில் சிஹோதான் தன் குட்டி காரில் என்னைக் கூட்டுறவுச் சங்க ஆபீசில் இறக்கிவிடுவாள். எங்கள் மகள் ஃபுகியைப் பாலர் பள்ளியில் விடுவதும் அதே சவாரியில்தான். இறங்கும்போது இரண்டு பேருக்கும் மூக்கைத் துடைத்துவிடுவாள். ஆபீஸ் ஜன்னலில் எல்லோரும் பார்ப்பார்கள்.

இந்த வசந்தத்தில் நானே ஒரு வண்டி வாங்கினேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. இனி என் மூக்கு என் பொறுப்பு.

இலையுதிர்காலம் முடிகிற சமயம், ஒரு சாயங்காலம் ஃபுகியின் புருவத்தில் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பனிப்பூச்சி. அது பறந்தால் பின்னாலேயே பனி வரும் என்பது இந்த ஊர்க் கணக்கு. சிஹோ அடுப்பை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். தன் காரை ஜாக்கியில் தூக்கி, ஐஸில் வழுக்காத குளிர்கால டயரை மாட்டிவிட்டு வந்துதான் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

"என்னங்க, உங்க வண்டிக்கும் டயர் சொல்லி வெச்சிடலாமா? ஓதாகே அண்ணன் கடையில கூட்டம் சேர்ந்துடும்."

"என் வண்டிக்கு எதுக்கு? நாலு சக்கரமும் இழுக்குது!"

"இழுக்கும்ங்க. நிறுத்துமா?"

"இழுக்கத் தெரிஞ்சதுக்கு நிறுத்தத் தெரியாதா?"

"உங்களுக்குப் பேச ஆரம்பிக்கத் தெரியுது. நிறுத்தத் தெரியுதா?"

மாமனார் சூப்புக் கிண்ணத்துக்குள்ளிருந்து, "ம்," என்றார். அவர் பேசுவது அவ்வளவுதான். கல்யாணத்தன்றும் அதைத்தான் சொன்னார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

"பனி விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"வண்டியில சங்கிலி இருக்கு. விழுந்த அன்னிக்கு டயர்ல சுத்திக்கறேன். பூச்சி சொல்லுதுன்னு டயர் மாத்தறவன் நான் இல்ல!"

"அப்ப மாத்தவே மாட்டீங்க?"

"மாத்தினா, இந்தக் குளிர்காலம் முழுக்க வாசல், கூரை, மாட்டுக்கொட்டகை வழி, எல்லாப் பனியும் நான் ஒருத்தனே வாரறேன்! மாத்தலைன்னா நீங்க ரெண்டு பேரும் வாருங்க. நான் அடியில சூடு வர்ற கணப்பு மேசைக்குள்ள காலை நீட்டிக்கிட்டு ஆரஞ்சு உரிப்பேன்."

"சரி," என்றாள் சிஹோ.

அவள் சண்டை போட்டால் பயமில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் சரி என்றால் பசுமாடுகூட அசைபோடுவதை நிறுத்திவிடும்.

பனி விழவில்லை. அதைவிட மோசமான ஒன்று நடந்தது. ராத்திரி மழை பெய்து, விடியலில் குளிர் ஏறி, அந்த ஈரம் அப்படியே ஐஸாக உறைந்துவிட்டது. சாலையில் வெள்ளையாக ஒரு பொட்டுகூட இல்லை. கறுப்பாக, கழுவித் துடைத்த மாதிரி மினுமினுவென்று இருந்தது.

"இன்னிக்கு எங்களோட வந்துடுங்களேன்," என்றாள் சிஹோ. "இல்லன்னா சங்கிலியாவது சுத்திக்கங்க."

"பனி எங்க இருக்கு? காட்டு பார்ப்போம்!"

காட்டவில்லை. ஃபுகியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஃபுகி கையை ஆட்டியது. என்னை வழியனுப்புகிற மாதிரி இருந்தது.

ஆபீசுக்குப் போக கரடி மேட்டில் இறங்க வேண்டும். கரடி எப்போதோ போய்விட்டது, மேடு இருக்கிறது. உச்சி வரை வண்டி சிங்கம் மாதிரி ஏறியது. "பார்த்தியாடி!" என்று பக்கத்து இருக்கையிலிருந்த என் மதியச் சாப்பாட்டு டப்பாவிடம் சொன்னேன். பிறகு இறக்கம். லேசாக பிரேக்கை மிதித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் மிதித்தேன். வண்டி என்னைக் கலந்துகொள்ளாமல் தன் வேலையைப் பார்த்தது. நாலு சக்கரமும் என்ன ஒற்றுமை! நாலும் ஒன்றாகவே வழுக்கின. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினேன். மலை அந்தப் பக்கம் திரும்பியது. வளைவு வந்தது. வளைவுக்கு அப்பால் ஆறு. ஃபுகியின் கை ஆடுவது கண்ணுக்குள் தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தெரிந்திருந்தாலும் அந்தத் தண்ணீரில் நீந்துவது மீனுக்கே கஷ்டம்.

வண்டி ஒரு தட்டாமாலை சுற்றியது. பொத்தென்று மெத்தையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தேன். வண்டியின் முகம் வீட்டைப் பார்த்து இருந்தது. அதற்காவது புத்தி வந்ததே. பின்னால் எட்டிப்பார்த்தால், வளைவின் ஓரத்தில் வெள்ளை உறை சுற்றிய ஆளுயர வைக்கோல் உருளைகள் இரண்டு. யாரோ புண்ணியவான் அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறான். ஒரு நரி ரோட்டோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அதுகூட நகத்தை ஊன்றித்தான் உட்கார்ந்திருந்தது.

இறங்கிச் சங்கிலியைச் சுற்றினேன். ஆபீசுக்கு லீவு சொன்னேன். ஜல்ஜல்லென்று சலங்கை கட்டிய மாதிரி நேராக ஓதாகே அண்ணனின் டயர் கடைக்குப் போனேன்.

வாசலில் ஊரே வரிசை கட்டி நின்றது. நான் வரிசையின் வாலில் நிறுத்தினேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். வரிசையைத் தாண்டி வந்து காதோரம் குனிந்தார்.

"மாப்பிள்ளை, வண்டியைப் பின்பக்கமா கொண்டு வாங்க."

"அண்ணே, நான் சொல்லி வைக்கலையே!"

"உங்க அளவுல ஒரு செட் எடுத்து வெச்சிருக்கேன். உள்ள வாங்க."

என்ன அதிர்ஷ்டம்! பயத்திலும் புத்தி வேலை செய்தது. "அண்ணே, ரெண்டு மட்டும் மாத்தினா போதாதா?" என்று கேட்டேன். பாதிதானே தோல்வி.

"போதுமே. பிரேக் போட்டா முன்பக்கம் நிக்கும். பின்பக்கம் உங்களை முந்திக்கிட்டுப் போகும். போறப்ப ஜன்னல் வழியா கை காட்டுங்க."

"நாலும் மாத்துங்க. ஆனா பழைய சக்கரத்துலயே மாட்டுங்க. சிஹோவுக்குத் தெரியக்கூடாது."

"என் வாயிலிருந்து வராது, மாப்பிள்ளை."

"இவ்வளவு மெத்துமெத்துனு இருக்கே இந்த ரப்பர்?"

"மெத்துனு இருந்தாத்தான் ஐஸைப் பிடிக்கும். விறைப்பா நிக்கறது எல்லாம் வழுக்கிடும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டயரைச் சொன்னேன்."

பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அதுக்கென்ன அவசரம்," என்று அனுப்பிவிட்டார். தங்கமான மனுஷன்.

பண்ணைக்கு வந்ததும் கொட்டகைக்குப் பின்னால் குனிந்தேன். புது டயர் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? சாணியும் மண்ணுமாகக் குழைத்து நாலு டயருக்கும் அப்பினேன். பத்து வருஷத்து டயர் மாதிரி ஆகிவிட்டது. நானும்தான்.

சிஹோ வந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க இது வாசனை?"

"மாட்டுப் பண்ணையில மல்லிகையா மணக்கும்?"

"அப்பா வண்டிக்கு சாணி!" என்றது ஃபுகி.

"ரோடு அப்படிடா கண்ணு, ரோடு அப்படி." வேர்த்துக்கொட்டியது. அந்தக் குளிரில் ஊரிலேயே வேர்த்தவன் நான் ஒருவன்தான்.

"கரடி மேடு எப்படி இருந்துச்சு?"

"மேடா? அப்படி ஒண்ணு வந்துச்சா? கவனிக்கவே இல்ல. இழுக்கற நாலும் நிறுத்துது சிஹோ, ஜம்முனு நிறுத்துது!"

"கெட்டிக்காரர்," என்று சொல்லிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டில் சால்மன் மீனின் பெரிய துண்டை எனக்கு வைத்தாள். அந்தத் துண்டைப் பார்த்ததும் மறுபடி பயம் வந்தது.

மறுநாள் விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே உலகம் காணாமல் போயிருந்தது. முழங்காலுக்கு மேல் பனி. நான் ராஜா மாதிரி கணப்பு மேசைக்குள் காலை நீட்டி, போர்வையை இழுத்துவிட்டு, முதல் ஆரஞ்சை எடுத்தேன். வாசலில் இப்போது பனி வாருகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஆரஞ்சை மட்டும் உரித்து முடித்தேன்.

கதவு திறந்தது. மாமனார் வந்து எதிரே உட்கார்ந்து போர்வைக்குள் காலை நீட்டினார். என் காலை ஒதுக்கிவிட்டு நீட்டினார். பிறகு, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டிராத ஒன்று நடந்தது. அவர் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"வளைவுல நான் வெச்ச வைக்கோல் உருளைய இனிமே எடுத்துடலாமா, மாப்பிள்ளை?"

ஆரஞ்சு உருண்டு போயிற்று.

பின்னாலேயே சிஹோ. கையில் புத்தம்புது பனிவாரி. முறம் மாதிரி அகலமாக, சிவப்பாக, நீளப் பிடியோடு. பிடியில் வெள்ளை எழுத்தில் ஓதாகே டயர் கடை.

"எந்திரிங்க. வாசல், கூரை, கொட்டகை வழி."

"எதுக்கு? நான் எங்க டயர் மாத்தினேன்? அந்த ஓதாகே சொன்னாரா?"

"அவர் வாயே திறக்கலை."

"பின்ன இது ஏது? எப்ப வாங்கினே?"

"பூச்சி பறந்துச்சே, அதுக்கு மறுநாள்."

"பொய்! அப்ப நான் டயரே மாத்தலையே!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. மாமனார், "ம்," என்று, உருண்டு வந்த ஆரஞ்சில் பெரிய சுளையாகப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டார். சிஹோ என் மூக்கைத் துடைத்துவிட்டு, பனிவாரியைக் கையில் கொடுத்தாள்.

"நாலு டயர் முன்னாடியே சொல்லி வெச்சா, இது இலவசமாம்."