காற்றைப் பார்த்து வைத்த பத்திரிகை

என் தங்கை கோமதியின் கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் உண்டு. அதை மட்டும் நான் சட்டென்று தள்ளிவிடுவேன். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அந்தப் படத்தில் வேறொருவர் நிற்கிறார். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான். குடித்துவிட்டுத் தகராறு செய்யவில்லை, யாரோடும் கைகலக்கவில்லை. சைக்கிள் ஓட்டினேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டதால் சென்னையைக் காலி செய்துகொண்டு சங்கரன்கோவிலுக்கே வந்திருந்தேன். உடம்பு குண்டாகிறதே என்று கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். உடம்பு இளைக்கவில்லை, திமிர்தான் ஏறியது. தொடையைக் கவ்விப் பிடிக்கும் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி, தலையில் கவிழ்த்த தர்பூசணி மாதிரி ஒரு ஹெல்மெட். (தெரு நாய்கள் அதுவரை என்னை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. அன்றிலிருந்து விடாமல் துரத்தின.) மேற்கே நீளமாகக் கிடக்கும் மலையை ஒட்டியே ஒரு வட்டம் அடித்து வர வேண்டும், அதைப் படம் பிடித்து சென்னை நண்பர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்த நேரத்தில் கோமதிக்குக் கல்யாணம் முடிவானது. ஆனி மாத முகூர்த்தம். மலையடிவாரத்து ஊர்களில் நான்கு வீடுகளுக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது. அதில் முக்கியமான வீடு ராயகிரி மாமா வீடு. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அப்பா நாங்கள் விவரம் தெரியாத பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டது அத்தனைக்கும் முன்னால் நின்றவர் மாமாதான்.

எங்கள் பக்கம் முதல் பத்திரிகை சாமிக்கு. அடுத்தது தாய்மாமனுக்கு. அவருக்கு வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. முகூர்த்தத்தன்று பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவருபவரும் அவர்தான்.

"நான் சைக்கிள்லயே போயி வச்சிட்டு வந்திருதேம்மா" என்றேன்.

அம்மா என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏலே, பத்திரிகை வைக்கப் போறியா, சர்க்கஸுக்குப் போறியா?"

கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். ஒன்று, ஒவ்வொரு வீட்டுக்கும் வேட்டி கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டாவதை என் காதருகே வந்து சொன்னாள். "மொதல்ல ராயகிரி. அண்ணன்ட்ட ஏழு மணிக்கு வருவான்னு சொல்லிட்டேன். அவுக கையில குடுத்துட்டுத்தான் அடுத்த வீடு. என்ன, கேக்குதா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் ராத்திரி போனில் வழியைப் போட்டுப் பார்த்தபோது வேறு கணக்கு ஓடியது. ஆனியில் எட்டு மணி தாண்டி மேற்கிலிருந்து மேல்காற்று கிளம்பிவிட்டால் எதிர்த்து மிதிக்கிறவன் நாக்குத் தள்ளிப்போவான். காற்று கிளம்புவதற்குள் மேற்கே புளியங்குடி போய்விட்டால், அங்கிருந்து மலையை ஒட்டியே வாசுதேவநல்லூர், சிவகிரி, கடைசியாக ராயகிரி. அங்கிருந்து வீட்டுக்குக் காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். வட்டமும் அழகாக வரும். மாமாவுக்கு முதலில் வைத்தேனா கடைசியில் வைத்தேனா என்று எவன் பார்க்கப் போகிறான்? (இதற்குத்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள்.)

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். முதுகுப் பையில் வேட்டி, பத்திரிகைகள், குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு. பின்னால் கட்டிய எவர்சில்வர் தட்டு ஒவ்வொரு பள்ளத்திலும் சத்தம் போட்டது. கிளம்பும்போது அம்மா, "எங்கன போற வாறன்னு எப்படித் தெரியும்?" என்று கவலைப்பட்டாள். நான் பெருமையாக, நான் போகிற இடமெல்லாம் நீலப் புள்ளியாகத் தெரியும் இணைப்பு ஒன்றை எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அம்மாவுக்கு அதைத் திறந்து பார்க்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அந்தக் குழுவில் இன்னும் முப்பது பேர் இருந்தார்கள் என்பது மட்டும் அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை.

புளியங்குடியில் இட்லி சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார்கள். ஆறு இட்லியும் ஒரு பை எலுமிச்சம்பழமும் ஏறின. வாசுதேவநல்லூரில் தோசை, இரண்டு தேங்காய். சிவகிரியில் பூரி. வயிறு முன்னால் இழுத்தது, பை பின்னால் இழுத்தது, நான் நடுவில் கிடந்து மிதித்தேன். ஒவ்வொரு ஊரிலும் வீட்டுக்கு முந்தின தெருவில் மரத்தடியில் நின்று கால்சட்டைக்கு மேலேயே வேட்டியைக் கட்டுவேன். வெளியே வந்ததும் அவிழ்ப்பேன். சிவகிரிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் இதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, ஒண்ணு கெட்டு, இல்ல அவுரு. என் ஆடு மெரளுது" என்றார்.

அதற்கு நடுவில், வாசுதேவநல்லூர் தாண்டி மலையடியில் ஒரு சின்ன அணைக்கட்டு. மேகம் மலையின் பாதி வரை இறங்கியிருந்தது. அங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்து, நிமிர்த்தி வைத்து, தூக்கிப் பிடித்து, அரை மணி நேரம் படம் எடுத்தேன். பொய் சொல்வானேன், என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த அரை மணி நேரங்களில் அதுவும் ஒன்று. அதைத்தான் இன்றைக்கு வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ராயகிரியில் மாமா வீட்டு முன் இறங்கும்போது மணி பன்னிரண்டு. வழியில் குங்குமச் சிமிழ் திறந்துகொண்டுவிட்டது. வேர்வையும் குங்குமமும் சேர்ந்து சட்டை, வேட்டி, கழுத்து எல்லாம் ஒரே சிவப்பு. வாசலுக்கு வந்த அத்தை அலறிவிட்டாள்.

"ஐயய்யோ! எங்கனல விழுந்த? மண்டை ஒடஞ்சிட்டா?"

கடவுளே கொடுத்த சாக்கு என்று நினைத்தேன். "ஆமா அத்தை. வார வழியில விழுந்துட்டேன். அதான் லேட்டாயிட்டு. இல்லன்னா ஏழு மணிக்கே வந்திருப்பேன்."

அத்தை மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து காயத்தைத் தேடினாள். தலையில் தேடினாள், கழுத்தில் தேடினாள், சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். காயம் இருந்தால்தானே கிடைக்கும்? கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை தனக்கு வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களை மாமா காலையிலேயே அழைத்து உட்கார வைத்திருந்தார். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் இட்ட திருநீறு வேர்வையில் கலைந்திருந்தது.

தட்டை நீட்டினேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "சாமிக்கு வச்ச பொறவு ஒங்களுக்குத்தான் மாமா மொத பத்திரிகை" என்றேன்.

மாமா தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் வைத்தார். நீலப் புள்ளி ராயகிரியில் துடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று நான் வந்த வழி முழுக்கக் கோடு.

"சரி மருமவனே, புளியங்குடியில நின்ன, வாசுதேவநல்லூர்ல நின்ன. அதெல்லாம் யாரு வீடுன்னு எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "நடுவுல மலையடியில அரை மணி நேரம் நின்னியே, அங்கன யாருக்கு வச்ச?"

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. இலை போட்டுச் சாப்பிடச் சொன்னார். நாலாவது தடவையாகச் சாப்பிட்டேன். 'காத்துக்குப் பயந்து அப்படி வந்தேன் மாமா, தப்புத்தான்' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வெட்கம் வாயைக் கட்டிப்போட்டது. திரும்பும்போது காற்று நான் போட்ட கணக்குப்படியே முதுகில் தள்ளியது.

கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு மாமா வரவில்லை. அம்மா வாசலுக்கும் மணவறைக்குமாக நடந்தாள். கோமதி அலங்காரம் முடிந்து, "மாமா வராம நான் வரமாட்டேன்" என்று அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவள் அழுதுகொண்டே வந்தாள். பெண் பிறந்த வீட்டைப் பிரிகிறாள், அழுகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து கடைசிப் பந்தி நடக்கும்போது மாமா வந்தார். கோமதியின் தலையில் கைவைத்து வாழ்த்தினார். நேராகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய், "என்ன மாமா இப்படிப் பண்ணிட்டிய" என்றேன்.

"கடைசிப் பத்திரிகைக்குக் கடைசிப் பந்திதானல. வேற என்ன?" என்றார். சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

மாமா இப்போது இல்லை. அதன் பிறகு எத்தனையோ தடவை ராயகிரி போனேன். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். சைக்கிளை விற்றுவிட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி எங்கள் சொந்தத்தில் செத்துப்போகவில்லை. கடைக்குப் போனவன் தாமதமாக வந்தாலும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வழியில் நின்று வந்தாலும், "அங்கன யாருக்கு வச்ச?" என்றுதான் கேட்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

போன ஆனியில் கோமதி மகளுக்குக் காதுகுத்து முடிவானது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். பத்திரிகை வைக்கக் கோவில்பட்டியிலிருந்து காலையில் வருகிறோம் என்று கோமதி சொல்லியிருந்தாள். விளையாட்டாக அந்த நீலப் புள்ளி இணைப்பையும் எனக்கு அனுப்பியிருந்தாள். நான் விடியும் முன்பே குளித்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புள்ளி கழுகுமலையில் நின்றது. அங்கே அவளுடைய மாமியாரின் அக்கா வீடு இருக்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இத்தனைக்கும் வெறும் பத்து நிமிடம். மாமா புதுச் சட்டையோடு, ஏழெட்டுப் பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

புருஷனோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். எதிர்க்காற்றில் தலைமுடியெல்லாம் கலைந்து கிடந்தது. தட்டை நீட்டி, "சாமிக்கு வச்சாச்சுண்ணே. அடுத்தது ஒனக்குத்தான்" என்றாள்.

தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சிரிக்கத்தான் நினைத்தேன்.

"கழுகுமலையில பத்து நிமிசம் நின்னியே, அங்கன யாருக்கு வச்ச?"

"டீ குடிச்சோம்ணே" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "விடுண்ணே, மாமாக்குத் தெரியும்" என்றாள்.