முடிச்சுப் போட ஓர் இலை

மராங்கு,
டிசம்பர் 9

அன்பும் மரியாதையும் மிக்க காட்லிசன் அண்ணாவுக்குத் தங்கை அனன்சியா வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் தார் எஸ் சலாமின் புழுக்கத்திலும் சுகமாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், பசு சுகம், வாழைகள் சுகம். நீங்கள் அனுப்பிய புது வேலிக்குத்தான் சுகமில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று முடித்துவிடுவீர்கள். காகிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கத்தியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். பயப்படாதீர்கள், எல்லைச் செடி இசாலேயிலிருந்து ஓர் இலை வெட்டத்தான். பக்கத்துத் தோட்டத்து எஷிலியா சித்தியிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று இரவெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தேன். இசாலே இலையில் முடிச்சுப் போட்டு நீட்டி, அதை ஒருவர் வாங்கிக்கொண்டால், கொலைக் குற்றமே ஆனாலும் மன்னித்துத்தான் ஆக வேண்டும். இந்த மலையில் பிறந்த உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை, ஆனால் தாரில் இருபது வருஷம் இருந்தால் எதுவும் மறந்துபோகும். நாற்பத்தாறு வருஷப் பழக்கத்தில் கால் தானாக வேலிக்குப் போய்விட்டது. கத்தியோடு போய் நின்ற பிறகுதான் உறைத்தது, நம் வீட்டில் இப்போது ஓர் இசாலேகூட இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியத்தையும் செய்து, அதே நாளில் மன்னிப்புக் கேட்க வேண்டிய இலையையும் வேரோடு பிடுங்கிப்போட்ட குடும்பம் இந்தச் சரிவில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிடுங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும், நீங்களும் இருந்தீர்களே, என் கையிலிருந்த போனுக்குள். கிறிஸ்துமஸுக்கு உங்கள் நண்பர்கள் வருகிறார்கள், காட்டு வேலி மாதிரி இருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பஸ்ஸில் நூற்றிருபது நாற்று அனுப்பினீர்கள். தங்க நிற இலை, அழகாகத்தான் இருந்தது, நான்கு நாள். பிறகு மலைக்குளிர் தாங்காமல் கருக ஆரம்பித்தது. இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது, கோழி அதை வேலி என்று தெரியாமலே தாண்டிப் போகிறது. நாற்று நட வந்த சவேரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தயங்கினான். “டீச்சரம்மா, இசாலேய எடுக்கணும்னா ரெண்டு வீட்டுக்காரங்களும் பக்கத்துல நிக்கணும். அந்தம்மாவ ஒரு வார்த்தை கூப்பிடுங்க” என்றான். நான் உங்களிடம் சொன்னேன். “சவேரிக்குச் சம்பளம் நான் தரேனா, எஷிலியா தராளா?” என்று போன் கத்தியது. பிறகு, “இன்னும் மூணடி அந்தப் பக்கம் தள்ளி நடச் சொல்லு, கார் திரும்பணும்” என்றது. போனைத் தள்ளித் தள்ளிப் பிடித்தது நான்தான். அந்தக் கையை நினைத்து எத்தனையோ நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன். கல்லூரி வரை படித்த கை, பிள்ளைகளுக்கு நீதி நேர்மை என்று கரும்பலகையில் எழுதும் கை, ஒரு தடவைகூடப் போனைக் கீழே இறக்கவில்லை.

அந்த மூன்றடியில் என்ன இருக்கிறது என்று போன் உங்களுக்குக் காட்டவில்லை. சித்தியின் கணவர் கல்லறை இருக்கிறது அண்ணா. இப்போது அது நம் வேலிக்குள். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து அங்கே புல் பிடுங்குவது சித்தியின் வழக்கம். போன வாரம் அந்த முழங்கால் செடிக்கு வெளியே நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “வீட்டுக்காரம்மா! உள்ள வந்து என் புருஷனைப் பாத்துட்டுப் போகலாமா?” என்றார்.

“ஏன் சித்தி இப்படிக் கேக்கறீங்க, வாங்களேன்.”

“எல்லை தாண்டக் கூடாதும்மா. உங்கண்ணன் தார்லேருந்து போன்ல பாத்துடுவாரு. ஒண்ணு செய், அவரையே எழுப்பி இந்தப் பக்கம் வரச் சொல்லு, நான் இங்கயே நின்னு பேசிக்கறேன்.”

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

சரி, இலைக் கதைக்கு வருகிறேன். நம்மிடம் இல்லையென்றால் ஊரில் இல்லாமலா போகும் என்று மேல் வீட்டு ரெஸ்தித்தாவிடம் போய் ஓர் இலை கேட்டேன். “யாருக்கு என்ன பண்ணின?” என்றாள் எடுத்த எடுப்பில். ஒன்றுமில்லை, சும்மா என்றேன். “சும்மா யாராச்சும் இசாலே கேப்பாங்களா? சொன்னாத் தரேன்.” சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “ஐயையோ, எங்க வேலியிலேருந்து எடுத்தா உங்க பாவம் எங்க வீட்டுக்கு வந்துடும்” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த வீட்டுக்கு நான் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. வாசலிலேயே நின்று, “டீச்சர், இலைதான? இல்ல” என்றார்கள், முதுகுக்குப் பின்னால் நூறு கஜத்துக்கு இசாலே வேலியை வைத்துக்கொண்டு. பத்து மணிக்குள் நான் தப்பு செய்தவள் என்று சரிவு முழுக்கத் தெரிந்துவிட்டது. மன்னிப்புதான் இன்னும் கிடைக்கவில்லை.

கடைசியில் வெறுங்கையோடு சித்தி வீட்டுக்கே போனேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நம் இசாலே அத்தனையும் நிற்கிறது! சவேரி பிடுங்கி எறிந்த தண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டுபோய் ஊன்றியிருக்கிறார், எல்லாம் துளிர்விட்டிருக்கின்றன. நான் இலைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “அடி அனன்சியா, தப்பும் என்கிட்டயே பண்ணுவ, மன்னிப்புக்கு இலையும் நான்தான் தரணுமா? முடிச்சும் நானே போட்டுக்கவா?” சொல்லிக்கொண்டே ஓர் இலையை வெட்டித் தந்தார். நான் முடிச்சுப் போட்டு நீட்டினேன். வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இருபத்தேழாம் தேதி ஊர்ப் பெரியவங்க வந்து எல்லை பாக்கறாங்க. உங்கப்பாவும் என் வீட்டுக்காரரும் இந்த வேலிய ஊனினப்போ தண்ணி எடுத்துட்டு வந்து ஊத்தின புள்ள நீ. அவங்க ரெண்டு பேரும் போயாச்சு, நான் சொன்னா என் பக்கம் பேசறேம்பாங்க. கோடு எதுன்னு சொல்ல உன் வாய் ஒண்ணுதான் இருக்கு. இப்ப இத வாங்கிட்டா, அன்னைக்கு நீ பொய் சொன்னாலும் நான் மன்னிச்சுத்தான் ஆகணும். முன்கூட்டியே மன்னிப்பு வாங்கி வச்சுக்கலாம்னு பாக்கறியா? படிச்சவ இல்ல!”

சத்தியமாக அப்படி நினைத்துப் போகவில்லை அண்ணா. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். “பழைய வேலி இங்கதான் இருந்துச்சுன்னு ஒரே வார்த்தை சொல்லிடு, அதுக்கு டீச்சர் படிப்பு எதுக்கு” என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. வீடு உங்கள் பேரில் இருப்பதும், “சொன்னபடி கேட்டு இருக்கற வரைக்கும் இரு” என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் என்றாலும் பெண் பிள்ளைக்கு இந்தத் தோட்டத்தில் ஒரு வாழைக்கன்றும் சொந்தமில்லை என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. ஆகவே நீங்கள் சொல்லச் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். நிம்மதியாக வாருங்கள். ஆடு கொழுத்திருக்கிறது. கடவுள் உங்கள் பயணத்தில் துணையிருக்கட்டும், கார் நல்லபடியாகத் திரும்பட்டும். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

என்றும் பணிவுள்ள தங்கை,
அனன்சியா

பின்குறிப்பு: உறைக்குள்ளிருந்து ஓர் இலை உங்கள் மடியில் விழுந்திருக்கும். குனிந்து எடுத்தீர்களா? நல்லது. சித்தி வாங்காத அதே இலைதான், முடிச்சு என்னுடையது. கையில் எடுத்துவிட்டால் வாங்கிக்கொண்டதாகத்தான் அர்த்தம், இனி நீங்கள் மன்னித்துத்தான் ஆக வேண்டும். எதற்கு என்று கேட்பீர்கள். இருபத்தேழாம் தேதி நான் பெரியவர்களுக்கு முன்னால் நடந்துபோய், எட்டு வயதில் தண்ணீர் ஊற்றிய இடத்தில் நிற்கப் போகிறேன். கல்லறைக்கு இந்தப் பக்கம், புது வேலியிலிருந்து மூன்றடி நம் வீட்டுப் பக்கமாகத் தள்ளி. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, சித்தியிடம்கூட. என் துணிகள் இரண்டு பெட்டியில்தான் அடங்கின.