ஏர்க்கடையில் நான் அடித்த மணி

என் வலது கைக்கும் என் மூளைக்கும் ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மூளை ஒன்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை வேறொன்றைச் செய்து முடித்துவிடும். கும்பகோணத்தில் வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பான்? எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோயில். தலைக்கு மேலே பித்தளை மணி தொங்கினால் போதும், கை தானாக எழும்பி அடித்துவிடும், கண் மூடிக்கொள்ளும், விரல்கள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகுதான் மூளைக்குத் தகவல் போகும். ஒருமுறை அப்படித் தகவல் வந்து சேர்ந்தபோது நான் வளைகுடாவில் வேலை பார்த்த ஊரான அல் ஐனில் ஒரு பப்புக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த பப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பழைய ஹோட்டலின் பின்பக்கம், பேரீச்ச மரங்களுக்கு நடுவில், இங்கிலாந்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது மாதிரி இருக்கும். தலையில் இடிக்கிற உயரத்தில் கறுத்த மர உத்தரங்கள், சுவர் முழுக்க குதிரை லாடங்கள், வாசலில் ஏர் வரைந்த பலகை. அந்தப் பலகையைப் பார்த்துதான் ஊரில் உள்ள தமிழர்கள் அதற்கு ஏர்க்கடை என்று பெயர் வைத்தோம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே வெள்ளைக்காரர்கள் ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, சிவப்பு பல்பு எரிகிற பொய்க் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஏசிக்குப் பராமரிப்பு எங்கள் கம்பெனிதான். ஆகவே மொட்டைமாடி வரைக்கும் எனக்கு அந்தக் கட்டடம் தெரியும். உள்ளே மட்டும் கால் வைத்ததில்லை.

கால் வைக்காததற்குக் காரணம் சுதா. திருநெல்வேலிப் பெண். நிச்சயம் முடிந்து கல்யாணத் தேதியும் குறித்தாகிவிட்டது. அவள் அப்பா போட்ட ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. (அவர்கள் வீட்டில் இருமல் மருந்தைக்கூட மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள்.) எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. காபியைத் தவிர வேறு போதை எனக்குத் தெரியாது. ஆனாலும் கண்காணிப்புக்கு ஆள் இருந்தது. சுதாவின் அப்பாவுக்கு அண்ணன், சங்கரலிங்கம் பெரியப்பா, அல் ஐனிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு அதிகாரி. வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, "சௌக்கியம்தானே?" என்று கேட்பார். கேட்டுவிட்டு என் குரல் குழறுகிறதா என்று கவனிப்பார்.

இந்த நிலைமையில்தான் என் மேனேஜர் காலினுக்குப் பிறந்தநாள் வந்தது. ஆபீஸ் மொத்தத்தையும் ஏர்க்கடைக்கு அழைத்துவிட்டார். போகாவிட்டால் மரியாதையில்லை. எலுமிச்சை ஜூஸ் ஒன்றைக் குடித்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கதவைத் திறந்தால் கும்மிருட்டு. ஒரு மூலையில் மங்கலாக மஞ்சள் விளக்கு. குறுகலான வழி. சரியாக என் தலைக்கு மேலே, முறுக்குக் கயிறு கட்டிய பித்தளை மணி. அல் ஐனில் கோயில் கிடையாது. மணி பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. அப்புறம் என்ன ஆகும்? டங் டங் என்று ரெண்டு அடி. கண்ணை மூடினேன், கல்யாணம் நல்லபடியாக நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் பப்பே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். இன்னொருவர் முதுகில் அறைந்தார். அடடா, வெள்ளைக்காரர்களுக்கு இவ்வளவு பக்தியா என்று ஒரு கணம் நெகிழ்ந்தே போய்விட்டேன். கவுண்டருக்குப் பின்னால் நின்ற ரூபன்தான் என்னைத் தரைக்கு இறக்கினான். யாழ்ப்பாணத்துப் பையன், கிளாஸ் துடைப்பதை விட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"அண்ணை, உந்த மணியை அடிச்சால் இங்க இருக்கிற எல்லாருக்கும் நீங்கள்தான் குடிக்க வாங்கிக் குடுக்கோணும். உது இவையின்ர ஊர் வழக்கம்."

"நான் சாமி கும்பிட்டேன் தம்பி."

"எனக்கு விளங்குது. இவைக்கு விளங்காதே."

உள்ளே நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். பாதிப் பேர் அதற்குள் கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தார்கள். காலினைத் தேடிப்பிடித்து, எங்கள் ஊர்க் கோயில், மணி, கை எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் மூக்கு வழியாக பீர் வந்துவிட்டது. பிறகு நாற்காலி மேல் ஏறித் தீர்ப்புச் சொன்னார். தெரியாமல் அடித்ததால் பானம் தள்ளுபடி. ஆனால் மணி மணிதான். அடுத்த வெள்ளிக்கிழமை இவர் தன் ஊர்ப் பலகாரம் ஒன்றைத் தன் கையால் செய்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். அவசரத்தில் என் வாயில் வந்தது பருப்பு வடை. சரியென்று ஒப்புக்கொண்டேன், உயிர் வந்தது.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. படம் எடுக்க வேண்டும், இன்னொரு தடவை அடி என்றார்கள். அடித்தேன். அடித்தால் என் கண் சும்மா இருக்குமா, அதுவும் மூடிக்கொண்டது. ஆக, படம் இப்படி அமைந்தது. நான் மணிக் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறேன். கண் சொருகியிருக்கிறது. முகத்தில் பரவசம். எனக்கு முன்னால் நுரை தளும்ப வரிசையாக பீர் மக்குகள். காலின் என் தோளைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்.

அந்தப் படத்தை யாரோ பப்பின் பேஸ்புக் பக்கத்தில் போட, அங்கிருந்து அல் ஐன் தமிழர் வாட்ஸப் குழுவுக்கு வந்து, நான் பல் தேய்ப்பதற்குள் திருநெல்வேலிக்குப் போய்விட்டது. சுதா போன் செய்தாள்.

"அப்பா போட்டோவைப் பாத்துட்டாங்க. கண்ணு சொருகிப்போயி நிக்கீங்க."

"சாமி கும்பிட்டேன் சுதா."

"பப்லயா?"

நான் முழுக் கதையையும் சொன்னேன். பெருமூச்சோடு, "இதுக்குக் குடிச்சேன்னே சொல்லிருக்கலாம். அதையாவது நம்பிருப்பாங்க" என்றாள். அவள் குரலில் அழுகை இருந்தது. கல்யாணத்தை நிறுத்துவதா என்று அவள் அப்பா அண்ணனிடம் கேட்டிருக்கிறார். பெரியப்பா நேரில் விசாரித்துவிட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

விசாரணைக்கு அவர் வந்து நின்றது எப்போது தெரியுமா? வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் எண்ணெய் வழிகிற முகத்தோடு ஒரு பாத்திரம் நிறைய வடை சுட்டு இறக்கி, ஏர்க்கடைக்குக் கிளம்புகிற நேரம். சட்டை முழுக்கக் கடலைப்பருப்பு. அவர் வடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அது எங்கே போகிறது என்பதைச் சொன்னேன்.

"குடிக்கவனுக்குக்கூட பொண்ணு குடுத்துரலாம் மாப்ள. குடிக்கவனுக்கு வடை சுட்டுக் குடுக்கவனை நான் என்னன்னு சொல்ல?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு தடவை வந்து அந்த மணியைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் என்ன முடிவு வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றேன். காரில் ஏறிக்கொண்டார். நெற்றியில் பட்டையாக விபூதி, மடியில் என் வடைப் பாத்திரம். ஏர்க்கடை வாசலில் இறங்கியதும் சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டார்.

வடையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நுழைந்தேன். காலின் கைதட்டினார். ரூபன் தட்டுகளை எடுத்து வைத்தான். பெரியப்பாவை அறிமுகப்படுத்தலாம் என்று வாயைத் திறக்கிறேன், எனக்குப் பின்னால் சத்தம்.

டங். டங்.

திரும்பினேன். பெரியப்பா கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது. நிதானமாக இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். இதில் இன்னொரு விஷயம், நான் மறந்ததை அவர் மறக்கவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆரவாரம். கண்ணைத் திறந்த பெரியப்பா கயிற்றைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். சிரிக்கக் கூடாது என்று நான் பட்ட பாடு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். அவர்தான் முதலில் சிரித்தார். தோள் குலுங்க, விபூதி உதிர உதிரச் சிரித்தார். அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டார்.

"எய்யா, பையன்மேல ஒரு குத்தமும் இல்ல. நானே இப்ப ஒரு தடவை அடிச்சிட்டேன்."

அவருக்கும் கிட்டத்தட்ட அதே தண்டனைதான். அடுத்த வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து வந்த அல்வாவைக் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் விரலிலிருந்து வழுக்கும் அல்வாவைப் பிடிக்கப் பட்ட அவஸ்தையை, எலுமிச்சை ஜூஸ் குடித்தபடி கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கடைக்கு வாடிக்கையாகிவிட்டோம். வடையும் மெனுவில் ஏறிவிட்டது. எத்தனையோ நல்ல சாயங்காலங்கள் அங்கே கழிந்தன. ஒரு சொட்டு குடிக்காமல் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த இடம் வேறில்லை.

கல்யாணத்தன்று கோயிலில் நான் மணியை நோக்கிக் கையைத் தூக்கியதும், பெண் வீட்டார் மொத்தப் பேரும் ஒரே குரலில் "யாரு செலவு?" என்று கத்தினார்கள். குருக்கள் திகைத்துப்போனார். இன்றைக்கும் எந்தக் கோயிலுக்குப் போனாலும் சுதா என் காதருகே வந்து அதையே கேட்கிறாள்.

பிற்பாடு அந்த ஹோட்டல் கைமாறி, ஏர்க்கடையை இடித்துக் கண்ணாடி பதித்த காபி ஷாப் ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாமான்களை ஒழித்தபோது ரூபன் அந்த மணியை மட்டும் கேட்டு வாங்கி, என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறோம். எங்கள் வீட்டு விதி, அதை யார் அடிக்கிறார்களோ அவர்கள் எல்லாருக்கும் டீ போட வேண்டும்.

ரிட்டயராகி ஊருக்குப் போய்விட்ட பெரியப்பா போன மாதம் எங்களைப் பார்க்க வந்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்தவர் மணியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். என் மகள் ஓடிவந்து, "தாத்தா, டோன்ட் டச். அடிச்சா டீ போடணும்" என்று எச்சரித்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மணியையே ஏறிட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு செருப்பு காலில் இல்லைதானே என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து, இந்த முறை தெரிந்தே, ரெண்டு தடவை அடித்தார். கண்ணை மூடினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டியபடி, "எல்லாருக்கும் சீனி போடலாம்லா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போய்விட்டார்.