குண்டம்மாவின் வயிற்றுப் புழுவும் மாமாவின் வைராக்கியமும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாகவே இருப்பீர்கள். கோழிகளின் நலம் பற்றி நிறைய எழுத வேண்டியிருப்பதால் மனிதர்களின் நலத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

மாற்றலாகிப் போகும்போது என்னை நம்பி விட்டுப்போன கோழிகளுக்கு வயிற்றில் புழு என்று கேள்விப்பட்டதும், "மாமாவுக்கு எதற்குச் சிரமம், நண்பரின் பண்ணையில் விட்டுவிடலாம், ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி வரக்கூடாது. டிப்போவில் டைம்கீப்பராக இருந்து அத்தனை டிரைவர், கண்டக்டர்களையும் மேய்த்தவன் நான். ஏழு கோழிகளை மேய்க்க மாட்டேனா?

புழுவைக் கண்டுபிடித்ததே நான்தான். குண்டம்மாவுக்குக் கொண்டை வெளுத்துவிட்டது. தீனியை அள்ளி அள்ளித் தின்கிறாள், ஆனால் தூக்கினால் நெஞ்செலும்பு கையில் குத்துகிறது. எச்சத்தைக் குச்சியால் கிளறினேன், வெள்ளையாக நெளிந்தது. ஒரு டப்பாவில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். (அந்த டப்பாவை உங்கள் அத்தை இன்னும் தேடுகிறாள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.) அவர் வெள்ளை மருந்து ஒரு பாட்டில் கொடுத்து, "ஒண்ணுக்கு இருந்தா எல்லாத்துக்கும் இருக்கும் சார். குடிக்கிற தண்ணியில கலந்து வைங்க. வேற தண்ணி அதுங்க கண்ணுலயே படக்கூடாது" என்றார்.

சொல்லிவிட்டார் மகராசன். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர், துணி துவைக்கும் கல்லடியில் தண்ணீர், எல்லாவற்றையும் துடைத்து வைத்தால், மாடி வீட்டு ஏசியிலிருந்து சொட்டுவதற்கு ஏழு பேரும் வரிசையில் நிற்கிறார்கள். மாடிக்காரரிடம் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். "உங்க கோழிக்குப் புழுன்னா நான் வேகணுமா?" என்று கதவைச் சாத்திவிட்டார். நானே ஏணி போட்டு ஏறி, குழாய் கட்டி, அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பினேன். அப்படியும் மருந்துத் தண்ணீரை ஒருத்தியும் தொடவில்லை. என்னதான் கோளாறு என்று பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். அப்பப்பா, என்ன கசப்பு! நாக்கு மரத்துப்போயிற்று. புழு எப்படிப் பிழைக்கும்?

சரி, ஒவ்வொருத்தியாகப் பிடித்து ஊசியில்லாத சிரிஞ்சால் புகட்டுவது என்று முடிவெடுத்தேன். டிப்போ பழக்கத்தில் விசில் ஊதினேன். மொத்தப் படையும் பக்கத்துத் தையல்காரர் கூரைக்குப் போய்விட்டது. பிறகு சாயங்காலம் கூட்டில் அடையும்வரை காத்திருந்து, துண்டில் சுற்றித் தூக்கினேன். வாயாடி என் கட்டைவிரலைக் கொத்திக் கிழித்தாள். விடவில்லை நான். குடித்தவள் யார், குடிக்காதவள் யார் என்று குழப்பம் வரவே, குடித்தவள் காலில் உங்கள் அத்தையின் நகப்பூச்சைத் தடவினேன். தினமும் இதே கதைதான். கூட்டின் பழைய உமியை வாரி எரித்து, தரையை வெயிலில் காயவிட்டேன். மருந்து கொடுக்கும் காலத்து முட்டையைச் சாப்பிடக்கூடாது என்றார்கள்; தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். தையல்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன சார், எத்தனை நாள்ல முளைக்கும்?" என்று கேட்கிறார். ஊரே சிரிக்கட்டும்.

இன்று குண்டம்மாவின் கொண்டை சிவந்திருக்கிறது. நான் கூட்டைத் திறந்ததும் ஓடிவந்து என் செருப்பின்மேல் ஏறி நின்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மாப்பிள்ளை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்து எவ்வளவு நாளாயிற்று! இனி பொரித்து வரும் புழுவுக்கு இரண்டு வாரத்தில் இன்னொரு தவணை கொடுக்க வேண்டும். அதையும் நானே கொடுப்பேன். வண்டி வந்தால் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வேன்.

மகளுக்கு என் ஆசிகள். வண்டியை நிறுத்தினால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். இவர் ஏணியில் ஏறிக் குழாய் கட்டி முடிப்பதற்குள் குண்டம்மா போய்விடுவாள் என்று எனக்குப் பயம். மருத்துவருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு, அன்றிலிருந்தே அவர் சொன்ன அளவில் காலைத் தீனியில் மருந்தைப் பிசைந்து நான் கொடுத்துவிட்டேன். இரட்டை மருந்தாகிவிடக்கூடாதே என்று இவருடைய பாட்டிலில் வெறும் கோதுமை மாவைக் கரைத்து ஊற்றி வைத்தேன். இவர் நக்கிப் பார்த்துக் கசப்பு என்று துள்ளியதும், இத்தனை நாள் புகட்டியதும் அதைத்தான். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். வேலையை விட்டு வந்த நாளிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷர் இவர். இப்போது விடிந்ததும் என்னை எழுப்பி, "வாடி, குண்டம்மாவைப் பார்" என்கிறார். வண்டி வேண்டாம். கோழிகளுக்காகச் சொல்லவில்லை. அடுத்த தவணைக்கும் கோதுமை மாவு வாங்கி வைத்துவிட்டேன்.