சம்பந்தியம்மா மடியில் கொட்டிய கருப்பு பீன்ஸ்

மாடித் தோட்டம் போட்டவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். கேட்காவிட்டாலும் நாலு கத்தரிக்காயைப் பையில் திணித்துவிடுவார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. இவ்வளவு நடந்த பிறகும் இருக்கிறது.

கருப்பு பீன்ஸ் சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மறுநாளே பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். விதைக் கடைக்காரர், "அதெல்லாம் நம்ம ஊர்ல வராது சார்" என்றார். (வராது என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு அது வந்தே ஆக வேண்டும்.) பக்கத்திலேயே இருந்த நாட்டு மருந்துக் கடையில் ஒரு ஜாடி நிறைய, கருகருவென்று, பளபளவென்று அதே பீன்ஸ்! பெயரைக்கூடக் கேட்கவில்லை. விரலை நீட்டி, "அதுல நூறு கிராம் குடுங்க" என்றேன். கடைக்காரர் என் நரைத்த மீசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நல்ல பலன் தெரியும் சார்" என்றார். விளைச்சலைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் விதைத்தேன். கொடி தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஏறியது. தை மாதம் கொத்துக் கொத்தாகக் காய்கள், ஒவ்வொன்றின் மேலும் தங்க நிறத்தில் மெத்தென்று ரோமம்.

"அந்தக் கொடிகிட்ட துணி காயப் போட்டா உடம்பெல்லாம் அரிக்குதுங்க" என்றாள் என் மனைவி கலா.

"சோப்பு பவுடர மாத்து" என்றேன். எனக்கு ஒன்றும் அரிக்கவில்லை. தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் நான். அங்கே கொடுத்த ரப்பர் கையுறையை முழங்கை வரைக்கும் மாட்டாமல் தோட்டத்தில் கால் வைக்க மாட்டேன்.

அந்தத் தையில்தான் கலாவின் தங்கை சுமதியைப் பெண் பார்க்கத் தவளக்குப்பத்திலிருந்து வந்தார்கள். மாமனார் போன பிறகு சுமதி எங்களோடுதான் இருந்தாள். வந்த வரன் ஒவ்வொன்றும் ஏதாவது காரணத்தால் தட்டிப்போனது. மாப்பிள்ளை சரவணனின் போட்டோவைப் பார்த்துத்தான் முதன்முதலாக அவளே சிரித்தாள். அதனால் கலா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "நீங்க வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தா போதும்" என்று சொல்லிவைத்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பஜ்ஜியும் காபியும் முடிந்தன. "போயிட்டு சேதி சொல்றோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். வெறுங்கையோடு அனுப்பலாமா? கையுறையை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஒரு முறம் நிறையப் பறித்து வந்தேன்.

"முந்தானையப் புடிங்கம்மா, நம்ம வீட்ல வெளஞ்சது."

அந்தம்மா சுமதியிடம் பேசிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் முந்தானையை விரித்தார். மொத்தத்தையும் கொட்டினேன். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னாடா இது, கையெல்லாம் சுர்ருங்குது?" என்றார். சரவணன் பதறிப்போய் அம்மாவின் முந்தானையை உதறினார். உதறிய ரோமம் மேலே பறந்து அவர் சட்டைக் காலருக்குள் இறங்கியது. அந்தம்மா அப்போதுதான் காயைக் குனிந்து பார்த்தார்.

"அடப்பாவி, இது பூனக்காலிடா!" (எனக்குக் கிடைத்துவந்த மரியாதை அந்த நொடியோடு போனது.) "சொறியாத சரவணா! சாணி எடுத்தாங்க, சாணி!"

லேகியத்தில் சேர்க்கிற பூனைக்காலி விதையைத்தான் நான் பீன்ஸ் என்று விதைத்திருந்தேன். அந்த லேகியம் எதற்கு என்று இங்கே எழுத மாட்டேன். கடைக்காரர் சொன்ன பலன் அது. கலா என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுமதியின் சிரிப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

சுமதி நிற்கவில்லை. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். முனை டீக்கடையில் எப்போதும் நிற்கிற மாட்டின் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள். அந்தம்மாவின் கையில் முழங்கை வரைக்கும் பூசினாள். சரவணன் பக்கம் திரும்பி ஒரு கணம் தயங்கினாள். அவர் தாமாகவே குனிந்து கழுத்தைக் காட்டினார். (தாலிக்கு அவள் குனிவதற்கு முன்பே சாணிக்கு அவர் குனிந்துவிட்டார்.)

அரிப்பு கொஞ்சம் அடங்கியதும் அந்தம்மா சொன்னார்: "சேதி சொல்லி அனுப்பறதெல்லாம் வேணாம். பட்டுப் பொடவையோட சாணி அள்ளுனா பாரு, இவதான் எங்க ஊட்டு மருமவ. நாள் பாருங்க. ஆனா கல்யாணத்துல அந்தத் தம்பி எதையும் தொடக் கூடாது."

தொடவில்லை. அட்சதைத் தட்டுகூட என்னைத் தாண்டித்தான் போனது.

இன்றும் நான் காய்கறிப் பையோடு தவளக்குப்பம் போனால், வாசலிலேயே அந்தம்மா, "மொதல்ல ஒன் கன்னத்துல தேச்சிக் காட்டு தம்பி" என்பார். நான் சுரைக்காயைக் கன்னத்தில் தேய்த்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். சுமதியின் மகளும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். தூக்கப் போனால், "பெரியப்பா, கையக் காட்டு" என்கிறாள்.

இரண்டு கையையும் நன்றாக விரித்துக் காட்டுகிறேன். "பாத்துக்கோடி, இந்தக் கைதான் ஒங்கம்மாவுக்கு ஒங்கப்பாவக் கட்டி வச்சிது."