இரவு தங்கும் பஸ்

என் பெயர் புருஷோத்தமன். புருஷர்களில் உத்தமன் என்று பொருள். உத்தமனை விடுங்கள், புருஷன் என்ற முன்பாதியைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடாக இருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பஸ் வரும்வரை அன்னம் தொடமாட்டேன் என்று கிராம சபையில் அறிவித்தவன் நான். அது என் சொந்த முடிவு என்றுதான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு ஒரு வளைவு முன்னதாகவே பஸ் திரும்பிவிடும். அப்புறம் நடை, இல்லாவிட்டால் ஷேர் ஜீப். அதில் உட்கார்ந்திருப்பவர்களைவிடத் தொங்குபவர்கள் அதிகம். ஆகவே பஸ் வேண்டும் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. எத்தனை மணிக்கு என்பதில் என் வீட்டிலேயே இரண்டு கருத்து.

என் மனைவி ஜெயசுதாவுக்கு விடிகாலை பஸ் வேண்டும். அவள் மகளிர் குழுத் தலைவி. குழுவின் சாமையும் புளியும் சந்தைக்கு நேரத்தோடு போகவேண்டும். அதைவிட முக்கியம், மகள் வெண்ணிலா. வேலூரில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் கழுத்தெலும்பு இன்னும் கொஞ்சம் வெளியே வந்திருக்கும். விடிகாலை பஸ் இருந்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம்.

எனக்குப் பத்து மணி பஸ் போதும். ஓய்வுபெற்ற தமிழாசிரியன். நிதானமாக எழுந்து, வேலூர் நூலகம் போய், மாலையில் திரும்பினால் ஆயிற்று. அதற்கு 'முதியோர் நலன்' என்று பெயர் வைத்து, ஊர்க் கோரிக்கையில் பத்து மணி என்றே நுழைத்துவிட்டேன். ஜெயசுதா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோது பயப்பட வேண்டும் என்பதை மட்டும் எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

சாப்பாடு போடும்போது ஒருநாள் சொன்னாள்:

"மனு குடுத்தா போதும்ங்க. உண்ணாவிரதம்லாம் வாணாம்."

"உண்ணாவிரதமா? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்களால முடியாதுன்னுதான் சொல்றேன். ஒரு வேளை குழம்புல உப்பு இல்லன்னாவே வூடு ரெண்டாவுது."

மறுவாரம் கிராம சபையில் அறிவித்துவிட்டேன்.

உண்ணா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஈறு கெட்டதோடு நிற்கவில்லை, எனக்கு வயிறும் கெட்டது. பஸ் திரும்பும் இடத்தில் சாமியானா போட்டு உட்கார்ந்தேன். ஊரே திரண்டது. மகளிர் குழு எதிர்ப்புறம் அடுப்பு மூட்டி, சாமைச்சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கியது. போராட்டக்காரர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள், போராடியவனைத் தவிர. காற்று வேறு என் பக்கமே வீசியது.

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்தார். தளர்ந்த குரலில் அவரிடம் சொன்னேன், "இந்த ஊருக்காக எதையும் தியாகம் செய்வேன்." அப்படியே அச்சாயிற்று.

மறுநாள் பணிமனையிலிருந்து மேலாளர் வந்தார். பணிவான மனிதர். பத்து மணிக்குப் பஸ்ஸே இல்லை என்று வருத்தப்பட்டார். விடிகாலை என்றால் முடியும், ஆனால் வண்டி முந்தின இரவே மேலே வந்து நிற்கவேண்டும். டிரைவரும் கண்டக்டரும் படுக்க, கழிவறையோடு ஊரில் யாராவது ஓர் அறை தரவேண்டும். அது இருந்தால்தான் இரவு தங்கும் பஸ் விடுவார்கள்.

ஊரில் அப்படி ஓர் அறைதான் உண்டு. ஓய்வுபெற்றபின் வீட்டை ஒட்டி நான் கட்டிய படிப்பறை. அலமாரி, கட்டில், மின்விசிறி, தனிக் கழிவறை. ஜெயசுதாவின் குரல் இரண்டு சுவர் தாண்டி அங்கே வருவதற்குள் பெயர்ச்சொற்கள் உதிர்ந்து, ஏவல் வினை மட்டும் மிஞ்சியிருக்கும். அதையும் கேட்காததுபோல் இருந்துவிடலாம்.

"எங்க வூட்டுக்காரரு ரூம்பு இருக்குது சார்" என்றாள் ஜெயசுதா. "எதை வேணா தியாகம் பண்றேன்னு பேப்பர்லயே சொல்லிக்கீறாரு."

ஊர் கைதட்டியது. எழுந்து மறுக்க நினைத்தேன். சாப்பிடாதவனுக்கு எழுந்து நிற்பதே கடினம். யாரோ வாயில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றிவிட்டார்கள்.

மேலாளர் என் கையைக் குலுக்கினார். "அம்மா போன மாசமே ஆபீசுக்கு வந்து ரூம்பு ரெடின்னு சொல்லிட்டாங்க சார். ஊர் கேக்குறது மேல இருக்கிறவங்க காதுல விழணுமேன்னேன். அதுக்கு ஆள் இருக்குதுன்னாங்க. நீங்கதானா அது?"

நான்தான் அது.

பஸ் வந்தது. டிரைவர் ரஹ்மானும் கண்டக்டர் பார்த்திபனும் நல்லவர்கள். என் கட்டிலில் ஒருவர், பாயில் ஒருவர். அலமாரிக் கொக்கியில் காக்கிச் சட்டைகள் தொங்குகின்றன. என் அகராதியைத் தலைக்கு வைத்துப் படுப்பதாகவும், கழுத்துவலி போய்விட்டதாகவும் பார்த்திபன் சொன்னார். நான் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஜெயசுதாவின் வாக்கியங்கள் இப்போது எழுவாய், பயனிலை எதுவும் குறையாமல் வந்து சேர்கின்றன.

அறையைத் திரும்பக் கேட்க ஒருநாள் துணிந்து சமையலறைக்குப் போனேன். விடியுமுன்பே வெண்ணிலா தட்டின் முன் உட்கார்ந்து, அம்மா வைத்த குழம்பை மறுசோற்றுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு உள்ளே போயிருந்தது. "இன்னாப்பா?" என்றாள். தண்ணீர் குடிக்க வந்தேன் என்றேன்.

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. இரவு தங்க வருபவர்களுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்து இடம் தரலாம், கழிவறையை ஊராட்சி கட்டித்தரட்டும் என்று தீர்மானம் ஒன்றை யோசித்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போனேன். நியாயமான தீர்மானம்தான். தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே ஜெயசுதா எழுந்துவிட்டாள்.

"அந்த ரூம்பு எப்பவும் பஸ்காரங்களுக்கே இருக்கணும்னு எங்க வூட்டுக்காரருக்கு ஆசை. கூச்சத்துல வாயத் தொறக்க மாட்டாரு. நீங்கதான் தீர்மானம் போட்டுக் குடுக்கணும்."

ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைவர். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என்னுடையதை உயர்த்திப் பிடித்திருந்தவள் ஜெயசுதா.