செட்டிபாளையத்தில் திறக்காத கதவு

தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்வதில் ஆண்களுக்கு ஏதோ உயிர்ப்பயம் இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் கூடுதல். சந்தேகமென்றால் என் குடும்பத்தில் யாரையும் கேளுங்கள், சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

முப்பது தாண்டிய வயதில் எனக்குச் செட்டிபாளையத்தில் ஒரு பெண் பார்க்க ஏற்பாடானது. மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் போனால் மதிப்பில்லை என்று அக்காவின் புருசனிடம் வானை இரவல் வாங்கினேன். ஜப்பான் வான். பொத்தானை அமத்தினால் பக்கக் கதவு தானாக வழுக்கித் திறக்கும். (வலப்பக்கக் கதவின் மோட்டர் எரிந்துபோய் அத்தான் அதை நிரந்தரமாகப் பூட்டியிருந்தார். இருந்த கௌரவமெல்லாம் இடப்பக்கம்தான்.) கதவு ஏதும் சேட்டை விட்டால் தனக்குப் போனில் கோல் எடுக்கச் சொன்னார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

பின்னால் அம்மாவும் அக்காவும், மடியில் பழத்தட்டு. என் பக்கத்தில் தரகர். வழியில் பெற்றோல் அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் அப்பா வாசல் படலையடியில் நின்றார். கதவு தானாகத் திறக்க அம்மா மகாராணி மாதிரி இறங்கவேண்டும் என்பது என் திட்டம்.

பொத்தானை அமத்தினேன். ஏதோ கீச்சிட்டது. கதவு அசையவில்லை.

எஞ்சினை நிற்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். கண்ணில் பட்ட சுவிச்சையெல்லாம் அமத்தினேன். தரகர் அத்தானுக்குக் கோல் எடுப்போமா என்றார். பியூஸ்தான் போயிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, காலை வெளியே விட்டுக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்தேன். நான் கழற்றியது வேறு எதற்கோ உரிய பியூஸ். ஏசி நின்றது. பின் கண்ணாடிகளும் இறங்க மறுத்தன. வெளியே கச்சான் காற்று அனலாய் அடித்தது. அம்மாவுக்குப் பிரஷர் வேறு.

“மனே, எனக்குத் தலை சுத்துது.”

“கொஞ்சம் பொறுங்கம்மா,” என்றேன், தலையை எடுக்காமலே.

முன்சீற்றுகளுக்கு நடுவால் நுழைய அம்மாவின் உடம்பு இடம்கொடுக்கவில்லை. கடைசியில் பெண்ணின் அப்பாவே போய் டிக்கியைத் திறந்தாராம். அம்மா முழங்கால் வலியோடு சீற்றைத் தாண்டி, பின்பக்கம் முதலில் வர, இறங்கினாராம். சேலை கொளுவிக் கிழிந்ததாம். அந்த மனுசன் மரியாதைக்கு வேலிப் பக்கம் திரும்பி நின்றாராம். (எல்லாம் அக்கா பிறகு சொன்னது. நான்தான் ஸ்டியரிங்குக்குக் கீழே கிடந்தேனே.)

அப்போது பக்கத்தில் ஒரு பெண்குரல். “பெற்றோல் மூடி திறந்து கிடக்கு. எங்கட சித்தப்பாட வானும் அது மூடாட்டிக் கதவு திறக்காது.”

“தங்கச்சி, இது கரண்ட் விசயம். தள்ளி நில்லுங்க,” என்றேன்.

‘டக்’ என்று மூடி அடைபட்ட சத்தம். உள்ளே அக்கா கதவின் பிடியை இழுத்தாள். கதவு ஒரு குறையுமில்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தது. அம்மா இருந்த இடம் வெறுமையாக இருந்தது. நான் தலையை இடித்துக்கொண்டு எழும்பினேன். அம்மாவுக்குத் தண்ணீர்ச் செம்போடு நின்றது, போட்டோவில் நான் பார்த்த பெண்.

வீட்டுக்குள் அந்தப் பெண் என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, கிழிசலுக்கு ஊசி குத்திவிட்டாள். திரும்பி வரும்போது அம்மா, “நல்ல பிள்ளை,” என்றார்.

சாதகம் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. தரகரை நெருக்கியபோதுதான் உள்ளதைச் சொன்னார். “கதவு திறக்காததெல்லாம் ஒரு குறையில்லையாம் தம்பி. தாய் தலை சுத்துதெண்டு சொல்லியே கேக்காதவர், நாளைக்கு நான் சொன்னாக் கேப்பாரா எண்டு அந்தப் பிள்ளை கேட்டிச்சாம்.”

அதற்குப் பிறகு பார்த்த இடமொன்றும் சரிவரவில்லை.

குடும்பத்தில் யாருடைய கல்யாணம் நடந்தாலும் அத்தான் இந்தக் கதையை எடுப்பார். “தங்கச்சி, தள்ளி நில்லுங்க” என்ற இடத்தில் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும். நானும் சிரிப்பேன், சில நேரம் நடித்தும் காட்டுவேன். அம்மா மட்டும் அந்த இடம் வருவதற்கு முன்பே எழும்பி, தேத்தண்ணி வைக்கப் போய்விடுவார்.